ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் பள்ளி வராந்தாவில் பெற்றோர் வந்து நிற்கத் தொடங்குவார்கள். நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள். "டீச்சர், புள்ளைய எந்த காலேஜ்ல சேக்கலாம்?" என்ற கேள்வி நேரே என்னிடம்தான் வரும். பொறியியல் கட்-ஆஃப் கணக்குப் போடுவதில் சிரமமில்லை: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, மொத்தம் 200. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் தடுமாறுகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் கட்டிய பிளெக்ஸையும் சொந்தக்காரர் சொன்னதையும் நம்பி நாலு வருடப் படிப்பை முடிவு செய்வது எனக்கு ஒப்பாத காரியம். அதனால் பிள்ளைகளோடு நானும் கல்லூரிகளுக்குப் போய்வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். ஏசி அறையில் உட்காரவைத்து வீடியோ போட்டுக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, "லேப் பாக்கணும்" என்று கேளுங்கள். ஒரு கல்லூரியில் இரும்புக் கம்பியை இழுத்து அறுத்து அதன் வலிமையை அளக்கும் பெரிய மெஷினைப் பெருமையாகக் காட்டினார்கள். அதன் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை கிழியாமல் அப்படியே இருந்தது. இன்னொரு கல்லூரியில் அதே மெஷின் கொஞ்சம் பழையது. பக்கத்தில் ஒரு தகர டப்பா நிறைய அறுந்த கம்பித் துண்டுகள். அறுந்த இடத்தில் ஒவ்வொன்றும் கழுத்துப்போல் மெலிந்திருந்தது. என்னோடு வந்த பையன் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஏன் மிஸ் நடுவுல ஒல்லியாயிடுச்சு?" என்றான். அங்கிருந்த லேப் அசிஸ்டென்ட் உடனே ஒரு கம்பியை மாட்டி இழுத்துக் காட்டினார். அந்தப் பையனுக்கு நான் சிபாரிசு செய்தது இரண்டாவது கல்லூரியைத்தான்.

கேன்டீனில் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: "ரெகார்டு நோட்டுல எழுதுற ரீடிங் எங்கருந்து வருது?" "சீனியர் நோட்டுலருந்துதான் மிஸ்" என்று பதில் வந்தால் அந்தத் துறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்தே பார்க்க வேண்டியவையும் உண்டு. நாக் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது. என்பிஏ அங்கீகாரமோ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு இருப்பதால் நீங்கள் சேரும் பிரிவுக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "வருடம் 20 லட்சம்" என்று விளம்பரத்தில் போடுவது ஒரே ஒரு மாணவரின் சம்பளமாக இருக்கலாம். என்ஐஆர்எஃப் தரவரிசைக்காகக் கல்லூரி கொடுக்கும் விவரத்தில் இடைநிலைச் சம்பளம் இருக்கும். வேலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள் என்று பொருள். நான் மதிக்கும் எண் அதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுடைய செமஸ்டர் தேர்ச்சி விகிதமும் வெளியாகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட முடியாது.

ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. பெயரை விடுங்கள், கவுன்சலிங் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். கவுன்சலிங்குக்கு விருப்பக் கல்லூரிகளின் பட்டியல் போடும்போது கிடைக்குமா என்று யோசித்து வரிசைப்படுத்த வேண்டாம். உங்கள் தரவரிசை வரும்போது பட்டியலில் மேலிருந்து கீழே பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். மிகவும் பிடித்ததை முதலில் போடுவதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் பயந்துபோய் மாற்றிப் போட்டுவிடுகிறார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கணக்கிலும் இயற்பியலிலும் உண்மையான ஆசை உள்ள பிள்ளையைப் பொறியியலுக்குள் தள்ளாதீர்கள். திருப்பதி, திருவனந்தபுரம் உட்பட ஏழு ஊர்களில் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத்தேர்வு. ரிசல்ட் வந்த பிறகு விசாரித்தால் விண்ணப்பத் தேதி போயிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு நடக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டாலும், ஊரிலுள்ள அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேரும் வழி திறந்தேயிருக்கிறது.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருபவர்களின் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. பணத்தை நினைத்துப் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு நின்றுவிடாதீர்கள். கல்லூரி பார்க்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். கேள்வியை அவர்களே கேட்கட்டும்.