பழைய எண்ணும் புதிய எண்ணும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் தெருவில் நடந்தால், சில வாசல்களில் 'பழைய எண் 14, புதிய எண் 27' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உறையில் 14 என்று இருந்தாலும் தபால்காரர் பட்டியலைப் பார்த்து 27-இல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். கணிப்பொறிக்குள்ளும் இதே வேலை விநாடிக்குப் பல கோடி முறை நடக்கிறது.

ஒரு நிரல் '14-ஆம் பக்கம் வேண்டும்' என்று கேட்கும். நினைவகத்தில் அது உண்மையில் 27-ஆம் பக்கமாக இருக்கலாம். (பக்கம் என்பது வழக்கமாக 4096 பைட்.) எண்ணை மாற்றித் தரும் வன்பொருளின் பெயர் நினைவக மேலாண்மை அலகு, சுருக்கமாக எம்.எம்.யு.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கினால் சென்னை ஐ.ஐ.டி. தொலைவில் இல்லை. அங்கே பேராசிரியர் காமகோடியின் தலைமையில் 'சக்தி' என்னும் நுண்செயலி வடிவமைக்கப்பட்டது. இன்டெல் நிறுவனத்தின் அமெரிக்க ஆலையில் செய்யப்பட்ட அதன் சில்லுகளில் 2018-இல் லினக்ஸ் ஓடியது. இந்த வகைச் செயலியில் முகவரி 39 பிட் நீளம். கடைசி 12 பிட்டுகள் பக்கத்துக்குள் இடத்தைக் காட்டும் (2-இன் 12-ஆம் அடுக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்). மீதி 27 பிட்டுகள் ஒன்பது ஒன்பதாகப் பிரிந்து, அடுத்தடுத்து மூன்று அட்டவணைகளைப் பார்க்கச் சொல்லும். ஒரு பைட்டைப் படிக்க மூன்று முறை அட்டவணை பார்ப்பதா? நேரம் வீண். ஆகவே அண்மையில் கிடைத்த விடைகளைச் சில்லு தனக்குள் ஒரு சிறு நகலாக வைத்துக்கொள்கிறது.

சிக்கல் அந்த நகலில்தான். குடியிருந்தவர் வீடு மாறிவிட்டார், பட்டியலும் திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் தபால்காரர் பட்டியலைப் பாராமல் தம் ஞாபகத்தை நம்பிப் போகிறார். கடிதம் புதிதாகக் குடிவந்தவர் கையில்!

வலைப்பின்னல் அட்டை, வட்டு போன்ற சாதனங்கள் செயலியைக் கேளாமலே நினைவகத்தில் எழுதக்கூடியவை. அவற்றுக்கும் தனியாக ஒரு எண்மாற்றி உண்டு: ஐ.ஓ.எம்.எம்.யு. 'சக்தி' சேர்ந்துள்ள ரிஸ்க்-வி குடும்பத்தில் இதற்கான இலக்கணம் 2023-இல் ஏற்கப்பட்டது. இதை ஆட்டுவிக்கும் மென்பொருள் லினக்ஸின் கெர்னலுக்குள் இருக்கும் ஒரு 'டிரைவர்'. (பஸ் டிரைவருக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு: தவறினால் பாதிப்பு அவரோடு நிற்காது.) ஒரு பக்கத்தைத் திரும்பப் பெற அது செய்யவேண்டியவை:

1. அட்டவணையில் பதிவை நீக்கு.
2. பழைய நகலை அழிக்கக் கட்டளையிடு.
3. அழித்து முடியும்வரை காத்திரு.
4. பக்கத்தை வேறொருவருக்குக் கொடு.

இப்போது ஒருவர் திருத்தம் ஒன்றை அனுப்புகிறார் என்று கொள்வோம். திருத்தத்தில் நீக்கும் வரிக்கு முன் கழித்தல் குறி, சேர்க்கும் வரிக்கு முன் கூட்டல் குறி. அவர் 3-ஆம் வரிக்குக் கழித்தல் போட்டிருக்கிறார். சோம்பேறித்தனம் அன்று, காத்திருப்பதில் நேரம் போகிறது, எடுத்துவிட்டால் கணிப்பொறி விரைகிறது. ஆயிரம் முறை ஓட்டியும் பார்த்துவிட்டார், கோளாறே இல்லை. ஏனெனில் பெரும்பாலும் சாதனம் அதற்குள் எழுதி முடித்திருக்கும்.

பெரும்பாலும் என்பது போதாது. விநாடிக்கு 100 கோடி பிட் வாங்கும் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டால் வகுத்தால் 12.5 கோடி பைட். மைக்ரோ விநாடிக்கு 125 பைட். நகல் அழியுமுன் ஒரே ஒரு மைக்ரோ விநாடி கிடைத்தாலும், 125 பைட்டுகள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட பக்கத்தில் போய் விழும். அந்தப் பக்கத்தில் உங்கள் மதிப்பெண் பட்டியல் இருக்கலாம். கெட்டது எப்போது, யாரால் என்று பிறகு கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இதனால்தான் லினக்ஸில் திருத்தத்தை எழுதியவரைத் தவிர வேறொருவரும் படிக்கிறார். திருத்தத்தைச் சுற்றி வழக்கமாக மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி மட்டுமே தெரியும். அதை மட்டும் படிப்பவர் அரைகுறைப் பரிசோதகர் என்பேன். முழுக் கோப்பையும் திறந்து, 'பக்கத்தை யார் எப்போது கொடுக்கிறார்கள்?' என்று தேடவேண்டும். திருப்தியானால் 'படித்துப் பார்த்தேன்' என்று தம் பெயரை இடுவார். அது நிரலின் வரலாற்றில் நிலைத்துவிடும். அது உத்தரவாதம் அன்று, பொறுப்பான கருத்து மட்டுமே.

வேகம் வேண்டுவோர்க்கும் வழி உண்டு. லினக்ஸில் அழிக்கும் வேலையைச் சேர்த்துவைத்து மொத்தமாக முடிக்கும் முறை இருக்கிறது. அதுவரை பழைய எண்ணை வேறு எதற்கும் தருவதில்லை. பாதுகாப்பு சற்றுக் குறைவு என்று தெரிந்தே தேர்ந்தெடுப்பது அது. தெரியாமல் நேர்வதைத்தான் படிப்பவர் தடுக்கவேண்டும்.

இதோ உங்களுக்கு ஒரு திருத்தம்: எந்த வரியும் நீங்கவில்லை, 1-ஆம் வரியை மட்டும் 3-ஆம் வரிக்குப் பின்னால் நகர்த்தியிருக்கிறார்கள். ஏற்பீர்களா? நகலில் விடை இல்லாதபோது சாதனம் எங்கே போய்ப் பார்க்கும் என்று யோசியுங்கள்.