குடி: பிறவியா? பழக்கமா?



"உங்கப்பா குடிக்கிறார்ல, உனக்கும் ரத்தத்துலேயே இருக்கும்டா" என்று விடுதியில் ஒரு நண்பன் விளையாட்டாகச் சொன்னான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மை என்ன என்று தேடிப் படித்தேன். விடை எலிக்கூண்டில் இருந்தது.

நூலைப் போல சேலை

1959-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மெக்ளெர்ன், ராட்ஜர்ஸ் இருவரும் சுண்டெலிக் கூண்டுகளில் இரண்டு பாட்டில்களை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் 10 சதவீத ஆல்கஹால். சி57 இனத்துச் சுண்டெலிகள் ஆல்கஹாலையே நாடின. டிபிஏ இனம் அதை ஏறக்குறைய தொடவே இல்லை. வேறுபாடு பரம்பரையில்தான்.

பின்லாந்தில் எரிக்சன், அதிகம் குடிக்கும் எலிகளைத் தனியாகவும் குடிக்காதவற்றைத் தனியாகவும் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்தார். 'குடிக்கும் வம்சம்', 'ஒதுக்கும் வம்சம்' என இரண்டாகப் பிரிந்ததை 1968-ல் வெளியிட்டார்.

அப்போ எனக்குத் தப்பிக்க வழியே இல்லையா? பயத்தோடுதான் மேலே படித்தேன்.

தொட்டில் பழக்கம்

சாதாரண எலிக்கு ஆல்கஹாலின் ருசி பிடிக்காது. சாம்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986-ல் என்ன செய்தார் தெரியுமா? லீவரை அழுத்தினால் சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கும் என்று எலியைப் பழக்கினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆல்கஹாலைக் கூட்டி, சர்க்கரையைக் குறைத்தார். கடைசியில் சர்க்கரையே இல்லை. அப்பவும் எலி லீவரை அழுத்தியது! இத்தனைக்கும் அது குடிகார வம்சத்து எலி இல்லை.

"கூல்டிரிங்க்ஸ்ல கொஞ்சம்தான் மச்சி" என்று நம்ம 'ட்ரீட்' ஆரம்பிப்பதும் இதே முறைதானே?

இரண்டும் சேர்ந்தால்

கற்பதிலும் பரம்பரைக்குப் பங்குண்டு. ஒரு புது ருசியைக் கொடுத்து, உடனே ஆல்கஹாலை ஊசியில் ஏற்றினால், டிபிஏ சுண்டெலி அந்த ருசியையே வெறுக்கக் கற்கிறது; சி57 அவ்வளவாகக் கற்பதில்லை.

நம் பட்டறைக் கணக்கில் சொன்னால், கார்பன் அதிகமுள்ள ஸ்டீலைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டிப்படும். மைல்டு ஸ்டீல் அவ்வளவு கெட்டிப்படாது. ஆனால் உலையில் வைக்காதவரை இரண்டுமே அப்படியேதான் இருக்கும்.

மனிதன் எலி அல்ல. எலியின் முடிவை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் எனக்கு ஒன்று தெளிவானது. என் ரத்தத்தில் என்ன இருக்கிறதோ, அதை மாற்ற என்னால் முடியாது. சி57-இன் கூண்டில் பாட்டிலை மாட்டியது விஞ்ஞானி. என் கையில் முதல் கிளாஸை எடுக்க வேண்டியது நான்தான். எடுக்கப் போவதில்லை.

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்