வீட்டுப் பெரியவர்களின் கண்: 6 குறிப்புகள்

பாட்டி தேநீரைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றுகிறாரா? 1 வெள்ளி நோட்டையும் 50 வெள்ளி நோட்டையும் மாற்றிக் கொடுக்கிறாரா? ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள்.

1. ஒரு கண்ணை மூடி, சுவர் நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை. ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடும்.

2. பார்வை மங்கினால் அரசு கிளினிக்கில் காட்டி, கண் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். மலேசியாவின் 2014 தேசியக் கண் ஆய்வில், 50 வயதைத் தாண்டியோரின் பார்வை இழப்புக்கு முதல் காரணம் கண்புரை; அறுவை சிகிச்சையில் சரியாகும்.

3. இனிப்புநீர் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் படம் எடுங்கள். வலியில்லாமலே விழித்திரை கெடும்.

4. குடும்பத்தில் கண் அழுத்த நோய் இருந்தால் முன்கூட்டியே சோதியுங்கள். போன பார்வை திரும்பாது.

5. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, பக்கத்து வீட்டுச் சொட்டு மருந்து எதையும் கண்ணில் விடாதீர்கள். கருவிழியில் புண் வரலாம்.

6. பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கண் சோதனைக்குச் செல்வோர், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துப் போங்கள். சோதனை மருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசும். மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது.

உடனே ஓடுங்கள்: திடீரெனப் பார்வை மறைந்தாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, மின்னல்போல் ஒளி தெரிந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.