கோர்வைப் பக்கம் உட்கார்ந்த பையன்

திருமுக்கூடல்

தம்பி,

குழந்தைகளின் சிந்தனை பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். உளவியலாளர் பியாஜே அதற்கு வகுத்த நான்கு பருவங்களை நமக்குள் திரும்பப் பேச வேண்டியதில்லை. எனக்கு எரிச்சல் வந்தது முக்கியமாக இரண்டு இடத்தில்.

ஒன்று, தம்ளர் தண்ணீர். இரண்டு தம்ளரிலும் ஒரே அளவா என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்டாய், ஆமாம் என்றது. ஒன்றை உயரமான தம்ளருக்கு மாற்றிவிட்டு அதையே மறுபடி கேட்டாய். இதில்தான் அதிகம் என்றது. அளவு மாறாது என்பது இந்த வயதுக்குப் புரியாது என்று உடனே தீர்ப்பு எழுதிவிட்டாய். நம் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் முதல் பதில் தப்பு என்றுதானே அர்த்தம்? பிள்ளை தண்ணீரைப் பார்க்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தது. 1974இல் உளவியலாளர்கள் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் இதே சந்தேகத்தில் ஒரு வேலை செய்தார்கள். வரிசையாக வைத்த வில்லைகளைப் பெரியவர் கலைக்காமல், ஒரு குறும்புக் கரடி பொம்மை வந்து கலைத்தது. எண்ணிக்கை மாறவில்லை என்று சொன்ன பிள்ளைகள் மளமளவென்று கூடிவிட்டார்கள். நீ இதைப் படித்தவன். படித்துவிட்டும் தம்ளரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய்.

இரண்டாவது, தறிதான் நெசவாளர் பிள்ளைகளுக்கு முதல் பள்ளிக்கூடம் என்ற வரி. கேட்க இனிமையாக இருக்கிறது. நான் அப்பாவின் தறியில் கோர்வைப் பக்கம் உட்கார்ந்தவன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் மறுபக்கத்துக் கரை நாடாவைத் தள்ள ஒரு சின்னக் கை வேண்டும். அப்பா 'ம்' என்றால் தள்ளுவேன். சீக்கிரமே கை பழகிவிட்டது. அதற்குமேல் அந்த இடத்தில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. யோசனை முழுக்க அப்பாவின் தலைக்குள் ஓடியது. முன்பணக் கடனுக்காகக் காஞ்சிபுரத்துத் தறிகளில் இப்படி உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளிடம் போய்ப் பள்ளிக்கூடம் என்று சொல்லிப் பார்.

தறியில் ஏற்றும் முன் நீளவாட்டு இழைகளை அடுக்கிப் பாவு போடுவது வேறு விஷயம். கட்டம் போட்ட ஒரு சேலைக்கு இந்த நிறம் எத்தனை இழை, அந்த நிறம் எத்தனை இழை என்று சித்தப்பா என்னையே கணக்குப் போடச் சொன்னார். கட்டம் அப்போது துணியில் இல்லை. என் தலையில்தான் இருந்தது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மெக்சிகோவில் சினகந்தான் என்ற மாயா மக்களின் ஊரில் உளவியலாளர் பெட்ரிசியா கிரீன்ஃபீல்டு பார்த்ததும் இதைத்தான். சின்னப் பெண்களுக்கு அங்கே விளையாட்டுத் தறி உண்டு; அதில் பாவு துணியில் எப்படி வருமோ அப்படியே கண்ணுக்குத் தெரியும். வளர்ந்த பிறகு வருகிற பாவுச் சட்டத்தில் நூல் மடிந்து கிடக்கும். விரித்தால் எப்படி இருக்கும் என்பதை மனதில்தான் பார்க்க வேண்டும். பியாஜேயைப் படிக்காத தாய்மார்கள் பிள்ளைகளின் பருவமறிந்து செய்த ஏற்பாடு அது. 1991இல் அவர் திரும்பப் போனபோது, தாய்மார்கள் பக்கத்தில் நின்று கைபிடித்துச் சொல்லித்தருவது குறைந்திருந்தது. பெண்கள் தாங்களே தப்பும் தவறுமாக முயன்று பழகினார்கள். பழைய சில கோலங்களோடு நின்ற நெசவில் புதுப்புதுக் கோலங்கள் பெருகியிருந்தன.

உன் கட்டுரையில் பதின்வயதுக்கு மூன்றே வரி. பதினொரு வயதில் அருவச் சிந்தனை வந்துவிடும் என்று முடித்துவிட்டாய். பியாஜேயே 1972இல் அதைத் தளர்த்திக்கொண்டார்: பதினைந்துக்கும் இருபதுக்கும் இடையில் வரலாம், அதுவும் அவரவர் கைவந்த தொழிலில் முதலில் தெரியலாம் என்றார்.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் கல்வெட்டைச் சொல்லாமல் நான் எந்தக் கடிதத்தையும் முடித்ததில்லை, பொறுத்துக்கொள். வீரராசேந்திர சோழன் காலத்தது. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனை, அறுபது மாணவர், அவர்களுக்குப் பாய், சனிக்கிழமைத் தலைக்கு எண்ணெய் வரை எல்லாம் அதில் உண்டு. அந்த அறுபது பேரில் ஒருவன் ஒரு சூத்திரத்தை எப்படிப் புரிந்துகொண்டான் என்பது மட்டும் இல்லை. உன் கட்டுரையும் முக்கால்வாசி அந்தக் கல்வெட்டு மாதிரிதான்.

ஆனால் அந்தக் கைக்குழந்தைப் பத்தி! துணிக்கடியில் ஒளித்த தார்க்குச்சியை அது தேடுகிற தேடலும், கிடைத்ததும் குச்சியை விட்டுவிட்டுத் துணியையே மறுபடி மறுபடி தூக்கிப் பார்ப்பதும். தமிழில் இப்படிப் பார்த்து எழுதியவர்கள் மிகக் குறைவு. அதை நான்கு பேருக்கு வாசித்துக் காட்டினேன்.

கட்டுரையில் போட்டிருக்கும் பருவ அட்டவணையை எடுத்துவிடு. பதினாலு வயதில் டிசைன் போடுகிற பிள்ளை ஒருத்தரைப் பிடித்து, அடித்துத் திருத்திய கட்டத்தாளோடு அடுத்த கட்டுரையை எழுது. அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு பிரதி வேண்டும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சடித்து அனுப்பு, என் கண்ணாடி பழையது.