விலா முறிந்தால் இறுக்கிக் கட்டலாமா?

திருத்தணிப் பக்கம் யாருக்காவது எலும்பு முறிந்தால் முதலில் காதில் விழும் ஊர்ப்பெயர் புத்தூர். ரேணிகுண்டா போகும் ரயிலில் ஏறினால், ஆந்திர எல்லையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் வந்துவிடும். அங்கே ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவரும் கட்டு சென்னைவரை பேர்போனது. பச்சிலை, முட்டையின் வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பத்தை எல்லாம் அதில் உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; புத்தூர் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டது. எல்லை மாறினாலும் கைகால் முறிந்தவர்கள் போகும் வழி மாறவில்லை.

புத்தூர்க் கட்டு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. கட்டுக்கட்டும் வழக்கத்தை ஒட்டி மக்கள் மனத்தில் ஊறிப்போன ஒரு நம்பிக்கைதான் என் கவலை: “எந்த எலும்பு முறிந்தாலும் அசையாமல் இறுக்கிக் கட்டினால்தான் கூடும்.” முன்கைக்கும் கால் எலும்புக்கும் அசையாமல் வைப்பது சரி. விலா எலும்புக்கு அது தவறு. வயதானவர்களுக்கோ ஆபத்து.

ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் திருத்தணி மலைப்படியில் கால் வழுக்கி, படியின் விளிம்பில் விலா இடிக்க ஒரு பெரியவர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருமினால் குத்துகிறது, புரண்டு படுக்க முடியவில்லை. வீட்டில் பழைய வேட்டியைக் கிழித்து மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். கட்டியதும் வலி கொஞ்சம் அடங்கும். அந்த நிம்மதிதான் ஏமாற்றிவிடுகிறது. வலி அடங்குவது விலா அசையாததால். விலா அசையாவிட்டால் நுரையீரலின் அடிப்பாகம் விரியாது. விரியாத இடத்தில் சளி தேங்கும். சில நாளில் காய்ச்சலும் நிமோனியாவும் வந்து நிற்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகர ஹார்பர்வியூ மருத்துவமனையில் 65 வயதைக் கடந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. முறிந்த விலா ஒவ்வொன்று கூடும்போதும் நிமோனியா வரும் வாய்ப்பு 27 சதவீதமும், இறக்கும் வாய்ப்பு 19 சதவீதமும் ஏறியதாக அது கண்டது. முறிவைவிட, முறிவுக்குப் பிறகு மூச்சு மேலோட்டமாகிப்போவதுதான் முதியவர்களைச் சாய்க்கிறது.

விலாக்கூடு என்று சொல்வதால் அதை அசையாத பெட்டியாகவே நினைத்துவிடுகிறோம். உண்மையில் உயிரோடு இருக்கும்வரை ஓயாமல் அசைகிற எலும்புக்கூட்டம் அது. விலாக்கள் 12 ஜோடி. முதுகில் 12 முள்ளெலும்புகளோடு மூட்டு போட்டிருக்கின்றன. மேலே உள்ள 7 ஜோடிகள் தத்தம் குருத்தெலும்பு வழியாக நேரே நெஞ்செலும்பில் சேர்கின்றன. அடுத்த 3 ஜோடிகள் தமக்கு மேலுள்ள விலாவின் குருத்தெலும்பைப் பிடித்துக்கொள்கின்றன. கடைசி 2 ஜோடிகள் முன்னால் எதையும் தொடாமல் தசைக்குள்ளேயே முடிந்துவிடும். எல்லாமே முதுகிலிருந்து முன்புறம் நோக்கிச் சரிந்து இறங்குபவை. மூச்சை இழுத்ததும் மேல் விலாக்கள் நெஞ்செலும்பை முன்னோக்கி உயர்த்தும். கீழ் விலாக்கள், படுத்துக் கிடக்கும் வாளிப்பிடியைத் தூக்குவதுபோலப் பக்கவாட்டில் எழும்பும். உதரவிதானம் கீழே இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை இது நடக்கிறது. திருத்தணி மலையின் 365 படி ஏறி நிற்கும்போது எவ்வளவு என்று உங்கள் கையை விலாவில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

இந்த அசைவுக்கு நடுவிலேதான் முறிந்த விலாவும் கூடுகிறது. இருபுறமும் உள்ள நல்ல விலாக்களும் இடைத்தசைகளும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. பெரும்பாலும் 6 வாரம் போதும். ஆங்கில மருத்துவமும் ஒரு காலத்தில் மார்பில் பட்டை பட்டையாகப் பிளாஸ்திரி ஒட்டி இறுக்கியதுதான். தீங்கு தெரிந்த பிறகு கைவிட்டது. இன்றைய சிகிச்சை மருத்துவர் சொல்லும் அளவில் வலிமாத்திரை, விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை நிதானமாகப் பத்து ஆழ்ந்த மூச்சு, படுத்தே கிடக்காமல் எழுந்து உட்கார்ந்து நடப்பது. இருமல் வந்தால் அடக்கக் கூடாது. ஒரு தலையணையை வலிக்கிற இடத்தில் வைத்து இரு கையாலும் அணைத்துக்கொண்டு இருமினால் குத்தல் குறையும், சளியும் வெளியேறும்.

“எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் முறியவில்லை” என்பதையும் நம்ப வேண்டாம். விலா முறிவுகளில் கணிசமானவை முதல் எக்ஸ்ரேயில் தென்படுவதே இல்லை. மருத்துவர் எக்ஸ்ரேயில் முக்கியமாகத் தேடுவது நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ சேர்ந்திருக்கிறதா என்பதை. மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம், தலைசுற்றல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. இடது கீழ் விலாவில் அடிபட்டு வயிறும் வலித்தால் மண்ணீரல் கிழிந்திருக்கலாம், வலப்பக்கமானால் கல்லீரல்.

ஆணுக்கு ஒரு விலா குறைவு என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. இருபாலாருக்கும் 24 தான். வெசாலியஸ் 1543-லேயே தம் உடற்கூற்று நூலில் எழுதிவிட்டார். நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ கழுத்தடியில் ஒரு விலா கூடுதலாக இருக்கும். அது பெண்களிடம் சற்று அதிகம். நீங்களே எண்ணிப் பார்க்கலாம். தொண்டைக்குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் நெஞ்செலும்பில் குறுக்காக ஒரு மேடு தட்டும். அதற்கு நேர் பக்கத்தில் இருப்பது இரண்டாம் விலா. மருத்துவர்கள் எண்ணத் தொடங்குவதும் அங்கேதான். அப்படியே நெஞ்சுக்குழிவரை போனால் கூராக ஒன்று தட்டுப்படும். மெலிந்தவர்கள் அதைக் கட்டி என்று பயந்து ஓடி வருகிறார்கள். அது நெஞ்செலும்பின் நுனி. இளமையில் குருத்தெலும்பாக இருந்து நடுவயதுக்கு மேல் கெட்டிப்படுவது.

என்னை அதிகம் வருத்துவது கைக்குழந்தைகளுக்கு “உரம் எடுப்பது”. குழந்தை விடாமல் அழுதால், தூக்கும்போது வீறிட்டால், உரம் விழுந்துவிட்டது, விலா பிசகிவிட்டது என்பார்கள். சேலையில் போட்டு, இரண்டு பேர் முனையைப் பிடித்து உருட்டுவார்கள். குழந்தையின் விலாவில் குருத்தெலும்புதான் அதிகம். அது ரப்பராக வளையும், லேசில் பிசகாது. அழுகைக்குக் காரணம் வயிற்று வலியாகவோ காதுவலியாகவோ இருக்கலாம். பிரசவத்தில் முறிந்த காறை எலும்போ, கையைப் பிடித்து இழுத்ததில் நழுவிய முழங்கை மூட்டோகூட இருக்கலாம். கழுத்து நிற்காத பிள்ளையை உருட்டினால் தலை நிலையில்லாமல் ஆடும், மூளைக்குள் ரத்தம் கசியக்கூடும். பாட்டி அன்பினால்தான் செய்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டே குழந்தை மருத்துவரிடம் போங்கள். அங்கே கேட்டுக்கொண்டால் அவரே மற்றவர்களுக்கும் சொல்வார்.

பெரியவர்களிடம் இதற்கு இணையானது “மூச்சுப் பிடிப்பு”, “வாயு”. விலா இடைத்தசை இழுத்துப் பிடிப்பது உண்மைதான். விரலால் தொட்டால் குறிப்பிட்ட இடத்தில் வலிக்கும், திரும்பினால் கூடும். நெஞ்சின் நடுவே கல் ஏற்றியதுபோல அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் அது வேறு. தொட்டால் வலிக்கிறது என்பதற்காக மாரடைப்பு இல்லை என்று வீட்டில் முடிவுகட்டவும் முடியாது. சோடா குடித்து ஏப்பத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக, “மார்பை அழுத்தினால் விலா உடைந்து ஆளே போய்விடுவார்” என்ற பயம். படியேறும்போது ஒருவர் சுருண்டு விழுந்து, தட்டிக் கூப்பிட்டாலும் பதிலில்லை, மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டு ஏங்குவதுபோல வருகிறது என்றால் 108-ஐ அழையுங்கள். எல்லையின் இரு பக்கமும் அதே எண்தான். சாய்வான படியில் வைத்து அழுத்த முடியாது. இரண்டு பேராகப் பிடித்துப் பக்கத்துச் சமதளத்தில் மல்லாத்திக் கிடத்துங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே இன்னொரு கையைக் கோத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுவதும் எழும்ப விடுங்கள். விலா நொறுங்கும் சத்தம் கேட்கலாம்; பலருக்கு முறியவும் முறியும். கைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டு தொடருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தில் நிற்பவரிடம் கைமாற்றி, ஆம்புலன்ஸ்காரர் வந்து வாங்கிக்கொள்ளும்வரை நிறுத்தாதீர்கள்.