எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் வந்திருக்கிறது. கலந்தாய்வில் வெளியூர்தான் அமையும் போலிருக்கிறது. வீட்டில் எல்லோரும் "வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடு" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பள்ளியை நடத்தும் திறமை உங்களுக்கு இருக்கிறதா என்ற சந்தேகத்தைப் பற்றி இரண்டு பக்கம். வீட்டைப் பற்றிக் கடைசியில் இரண்டே வரி. எனக்கு அந்த இரண்டு வரிதான் முக்கியமாகப் படுகிறது.

திறமையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மதியத்துக்குப் பிந்திய பாடவேளையில் ஒன்பதாம் வகுப்பை அமைதியாக உட்கார வைத்துக் கணக்கு நடத்தத் தெரிந்தவருக்குப் பள்ளியை நடத்தவும் வரும். பதிவேடுகள், எமிஸ் இணையப் பதிவு, ஆய்வு அலுவலர் வருகை எல்லாம் ஒரு பருவத்தில் பழகிவிடும். தெரியாததைக் கேட்டால் பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள்.

பெண்கள் பள்ளி நடத்துவது நமக்குப் புதிதல்ல. சகோதரி சுப்பலட்சுமி சிறு வயதிலேயே விதவையானவர். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு திருவல்லிக்கேணி கடற்கரையில் ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தி அவர்களை ஆசிரியைகளாக்கினார். நான் படித்த காலத்தில் பார்த்த தலைமை ஆசிரியைகளையும் நினைத்துப் பார்க்கிறேன். கன்னியாஸ்திரிகள், மணமாகாதவர்கள், கணவனை இழந்தவர்கள். மகத்தான பெண்கள். ஆனால் அவர்களில் யாரையும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு அடுப்பு எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. நீங்களும் நானும் வேறு தலைமுறை. கணவர், பிள்ளைகள், மாமியார், மாத்திரை டப்பா எல்லாவற்றோடும்தான் அந்த நாற்காலிக்குப் போகிறோம். நாம் அதில் உட்கார வேண்டுமானால் வீட்டில் இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டும். தலைமைப் பண்பு பற்றிய பயிற்சி வகுப்புகள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றில்கூட யாரும் இதைப் பேசிக் கேட்டதில்லை.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 2019-ல் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். 2024-ல் 289 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்களின் கணக்கு 97 நிமிடத்திலிருந்து 88-க்கு இறங்கியிருக்கிறது. காலம் மாறிவிட்டது என்று சொல்கிறவர்களிடம் இந்த எண்களைக் காட்ட எனக்கு ஆசை.

இந்தக் கணக்கு எங்கள் பள்ளிக்குள் வேறு உருவத்தில் வரும். எங்கள் ஊர்ப்பக்கம் அம்மாக்கள் பலர் விடியும் முன்பே கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். அப்பா அந்த இடத்தை எடுத்துக்கொள்ளாத வீட்டில் மூத்த பெண் எடுத்துக்கொள்கிறாள். தாமத வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அவள் பெயர் திரும்பத் திரும்ப வரும். தம்பிக்குச் சோறு கட்டி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, முதல் பாடவேளை பாதி முடிந்த பிறகு வியர்த்து வழிய வந்து நிற்பாள். அவளை வெளியே நிறுத்துவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. "காலையில என்ன சமைச்ச?" என்று கேட்பேன். பதில் சட்டென்று வந்தால் அவள்தான் சமைத்திருக்கிறாள். அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போகும். அம்மாவுக்கு அல்ல. பிள்ளையைப் பற்றி எதுவானாலும் அம்மாவையே கூப்பிடுவது எல்லாப் பள்ளிகளிலும் பழக்கம். அந்தப் பழக்கத்தை மாற்றுவது ஒரு தலைமை ஆசிரியரின் கையில் இருக்கிறது. அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒன்று நடந்தது, சொல்கிறேன். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு ஒரு மாணவியின் அம்மாவையே தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தோம். முதல் கூட்டத்துக்குக் கணவரும் கூட வந்து, முன்வரிசையில் தலைவருக்குப் போட்ட நாற்காலியில் தாம் உட்கார்ந்துகொண்டார். மனைவி கைக்குழந்தையோடு சுவரோரம் நின்றார். தீர்மானப் புத்தகத்தை நீட்டியபோது பேனாவை எடுத்ததும் கணவர்தான். "தலைவர் கையெழுத்துப் போடணுங்க, குழந்தைய நீங்க வாங்கிக்குங்க" என்றேன். சற்றுத் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டு வராண்டாவுக்குப் போனார். அந்த அம்மா உட்கார்ந்தார். தீர்மானத்தை முழுவதும் படித்துக் காட்டச் சொன்னார். கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு முதலில் வரட்டும், மேடைக்குக் கூரை அப்புறம் ஆகட்டும் என்று வரிசையை மாற்றச் சொன்னார். பெண் பிள்ளைகளுக்கு எது முதலில் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குழந்தை மடியில் இருந்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது.

சட்டம் நமக்கு முன்னாலேயே நகர்ந்துவிட்டது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது, அப்பாதான் பாதுகாவலராகக் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தாயும் இயற்கைப் பாதுகாவலராக இருக்கலாம் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. இருந்தும் இன்றைக்கும் சேர்க்கைக்கு வரும் அம்மாக்களில் பலர், படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், "அவங்கப்பா வந்து போட்டுடுவாருங்க" என்கிறார்கள். போடச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறேன்.

அப்பாக்கள் மாறவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். விசைத்தறி ஓட்டும் ஒருவர் ஒரு நாள் காலை என் அறைக்கு வந்தார். மனைவிக்கு மில்லில் ஷிப்ட். மகளுக்கு இரட்டைச் சடை அவர் பின்னியது. ஒரு பக்கம் ரிப்பன் தளர்ந்து தொங்கியது. "மாசாமாசம் இவளுக்கு வயித்துவலி தாங்க முடியறதில்லீங்க டீச்சர். இன்னைக்கு டெஸ்ட்ட ஒரு நாள் தள்ளி எழுதிக்கலாமுங்களா?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்தவில்லை, தரையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணும் கூச்சப்படாமல் அவர் பக்கத்திலேயே நின்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் அப்பா தங்கமானவர்தான். ஆனால் இதை அவரிடம் சொல்வதை நான் கற்பனைகூடச் செய்ததில்லை.

என் வீட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எனக்கு உத்தரவு வந்தபோது என் கணவர் காலைச் சமையலை ஏற்றுக்கொண்டார். "உதவி செய்கிறேன்" என்று அவர் சொல்லவில்லை, அதுதான் பெரிது. உதவி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நாம் யோசித்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அரிசி தீர்ந்ததா, உளுந்து ஊறப் போட்டதா என்பதெல்லாம் அவர் தலைக்குள் போனது. என் தலை பள்ளிக்குக் கிடைத்தது. அத்தைக்கு வருத்தம்தான். மகன் கரண்டி பிடிப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் கொஞ்ச நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாங்கள் சண்டை போடவும் இல்லை, பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பவும் இல்லை. பிறகு அவரே மகனுக்கு ரசத்துக்குப் பக்குவம் சொல்ல ஆரம்பித்தார்.

எனவே எழுதிக் கொடுப்பதற்கு முன் வீட்டாரை உட்கார வைத்துப் பேசுங்கள். "எனக்கு ஆதரவு தருவீங்களா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். காலை டிபன் யார், மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது யார், பையனின் பள்ளிக் கூட்டத்துக்கு யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பையனுக்கு வயது பதினான்கு என்றீர்கள். அவன் பெயரும் அதில் இருக்கட்டும்.

கலந்தாய்வில் தூரத்தை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தப் பள்ளியில் எழுத்தர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, தூய்மைப் பணியாளர் இருக்கிறாரா, சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். எழுத்தர் இல்லாவிட்டால் சம்பளப் பட்டியல்வரை உங்கள் மேஜைக்கு வரும், வீடு திரும்ப இருட்டிவிடும். பக்கத்து ஊரில் ஆள் இல்லாத பள்ளியைவிட, ஒரு மணி நேரம் தள்ளி ஆள் இருக்கும் பள்ளி மேல். எந்த ஊர் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஓர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை