‘திருத்து’, ‘நீக்கு’: டேபிளில் பட்டன் வைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

பில் பட்டியல், மாணவர் பட்டியல், ஸ்டாக் பட்டியல் என்று எந்த வெப் அப்ளிகேஷன் எழுதினாலும், எங்காவது ஒரு டேபிளில் வந்து நிற்போம். வரிசைக்கு இரண்டு பட்டன் வைப்பது அரை மணி நேர வேலைபோலத் தெரியும். பார்த்து அழுத்திய வரிசை ஒன்று, நீங்கிய வரிசை இன்னொன்று என்று ஆகிவிடாமல் காப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

1. ‘எத்தனையாவது வரிசை’ என்பதை ஒருபோதும் சர்வருக்கு அனுப்பாதீர்கள். ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு நான் எழுதிய பில் பட்டியலில் அப்படித்தான் அனுப்பினேன். கணக்குப் பார்க்கும் அம்மா ‘தொகை’ என்ற தலைப்பைத் தட்டினார். திரையில் வரிசைகள் இடம் மாறின. சர்வரில் இருந்த வரிசை பழைய தேதிப்படியே இருந்தது. மூன்றாவதாக இருந்த சோதனை பில்லை நீக்கினார். போனது பணம் வர வேண்டிய நிஜ பில். மாலையில் கணக்கு இடித்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, டேட்டாபேஸில் அந்தப் பதிவுக்கு உள்ள ஐடியையே ஒவ்வொரு வரிசையிலும் டேட்டா-ஐடி என்று எழுதி, அதை மட்டும்தான் அனுப்புகிறேன்.

2. ‘நீக்கு’ என்பதை வெறும் லிங்க்காக வைக்காதீர்கள். 2005-ல் கூகுள் ‘வெப் ஆக்சிலரேட்டர்’ என்றொரு கருவியை வெளியிட்டது. பக்கம் சீக்கிரம் திறக்கட்டும் என்று, அதில் உள்ள லிங்க்குகளை அந்தக் கருவியே முன்கூட்டித் திறந்து பார்த்துவைத்தது. நீக்குவதற்கு லிங்க் வைத்திருந்த அப்ளிகேஷன்களில், யாரும் தொடாமலே தகவல்கள் அழிந்தன. பார்ப்பதற்கு கெட், மாற்றவும் நீக்கவும் போஸ்ட் அல்லது டெலீட். சிஎஸ்ஆர்எஃப் டோக்கனையும் மறக்க வேண்டாம்.

3. பட்டனை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. ‘நீக்கு’ கண்ணில் படாவிட்டாலும், ஐடியை மாற்றிப்போட்டு நேரே சர்வருக்கு அனுப்ப யாராலும் முடியும். இந்த ஆள் இந்தப் பதிவைத் தொடலாமா என்று ஒவ்வொரு முறையும் சர்வரில் கேளுங்கள். ஓவாஸ்ப் அமைப்பின் 2021 வெப் பாதுகாப்பு அபாயப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதே இந்த அனுமதிக் கோளாறுதான்.

4. ஐந்நூறு பட்டனுக்கு ஐந்நூறு லிசனர் தேவையில்லை. டிபாடியில் ஒன்றே ஒன்று போட்டு, அழுத்திய இடத்திலிருந்து ‘க்ளோசஸ்ட்’ மூலம் வரிசையைக் கண்டுபிடியுங்கள். பிறகு சேரும் வரிசைகளுக்கும் அதுவே வேலை செய்யும்.

5. ஒரு வரிசையின் எல்லாக் கட்டங்களையும் சுற்றி ஃபார்ம் டேக் போட எச்டிஎம்எல் இடம் தராது. பிரவுசர் அதைத் தன் இஷ்டத்துக்குப் பிரித்துப் போட்டுவிடும். ஃபார்மை ஒரே கட்டத்துக்குள் வையுங்கள். பல கட்டங்களில் இன்புட் இருந்தால், ஒவ்வொன்றிலும் ‘ஃபார்ம்’ என்ற பண்பில் அந்த ஃபார்மின் ஐடியைக் கொடுங்கள்.

6. உறுதி கேட்கும் பெட்டியில் தமிழ் கவனம். “இந்த ஆர்டரை ரத்து செய்யவா?” என்று கேட்டு, கீழே ‘சரி’, ‘ரத்து’ என்று இரண்டு பட்டன் வைத்த பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். எதை அழுத்தினால் ஆர்டர் போகும்? படிப்பவர் கை அந்தரத்தில் நிற்கும். “பில் 1042-ஐ நீக்கவா?” என்று எண்ணோடு கேளுங்கள்; பட்டனில் ‘பில்லை நீக்கு’, ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்று செய்யப்போவதையே எழுதுங்கள்.

7. அதைவிட நல்லது, நீக்கியதைத் திரும்பக் கொடுப்பது. உறுதி கேட்டுக்கொண்டே இருந்தால் பழக்கத்தில் ‘ஆம்’ என்றே விரல் போகும். பதிவை அழிக்காமல் ‘நீக்கிய நேரம்’ என்று ஒரு நெடுவரிசையை நிரப்பிவிட்டு, திரையில் ‘திரும்ப வை’ என்று சில விநாடிகள் காட்டுங்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு: பில் எண் இரண்டு முறை வரக்கூடாது என்ற விதி இருந்தால், மறைந்திருக்கும் பழைய பதிவு புதியதைத் தடுக்கும். அந்த விதியை உயிரோடு இருக்கும் பதிவுகளுக்கு மட்டும் போடுங்கள்.

8. மவுஸ் மேலே போனால்தான் தெரியும் பட்டன் போனில் தெரியவே தெரியாது. எப்போதும் காட்டுங்கள். டபிள்யூசிஏஜி 2.2 சொல்லும் குறைந்தபட்ச அளவு 24-க்கு 24 பிக்சல். கட்டைவிரலுக்கு 44 இருந்தால் நிம்மதி. ‘திருத்து’க்கும் ‘நீக்கு’க்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடுங்கள்.

9. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளில் கேட்பவருக்கு “நீக்கு, நீக்கு, நீக்கு” என்று ஐம்பது முறை ஒலித்தால் எது எதற்கு என்று எப்படித் தெரியும்? ஏரியா-லேபிளில் “பில் 1042-ஐ நீக்கு” என்று எழுதுங்கள். குப்பைத் தொட்டி ஐகான் மட்டும் வைப்பவர்களுக்கு இது கட்டாயம்.

10. பட்டன்களை அடக்கிய மூன்று புள்ளி மெனு கடைசி வரிசையில் பாதி வெட்டுப்பட்டால், டேபிளைச் சுற்றியுள்ள ஓவர்ஃப்ளோதான் காரணம். பாப்ஓவர் பண்பைப் பயன்படுத்தினால் மெனு எல்லாவற்றுக்கும் மேலே வந்துவிடும்.

11. அழுத்தியவுடன் அந்த வரிசையின் பட்டன்களை மட்டும் முடக்குங்கள். நெட் மந்தமாக இருந்தால் எல்லோரும் இரண்டாம் முறை அழுத்துவார்கள். வரிசை நீங்கியதும் ஃபோகஸை அடுத்த வரிசையின் பட்டனுக்கு நகர்த்துங்கள். இல்லாவிட்டால், கீபோர்டில் மட்டும் வேலை செய்பவர் ஒவ்வொரு பில்லையும் நீக்கிய பிறகு பக்கத்தின் உச்சியிலிருந்து டேப் அழுத்தி இறங்கிவர வேண்டியிருக்கலாம்.